பாட்டு நின்றபோது

6 பிப்ரவரி 1993

அன்புள்ள டீச்சருக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் உன் வகுப்பு வாண்டுகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். "நீங்க எழுதறது மிஷன் சங்கத்துக்கு அனுப்புற அறிக்கை மாதிரி இருக்கு, புருஷன் எழுதற கடுதாசி மாதிரியே இல்ல" என்று போன முறை குறைப்பட்டிருந்தாய். சரி, முதலில் குடும்ப சமாச்சாரம். இரண்டு நாளாகச் சோறு குழையவில்லை. என் சமையலை அறிந்தவள் நீ, இதை ஒரு சாட்சியாகவே சபையில் சொல்லலாம். தலைமுடி இன்னும் கொஞ்சம் கொட்டிவிட்டது. திட்டுவதற்கு நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இனி நல்ல சேதி. ஆராதனைக்கு இடம் கிடைத்துவிட்டது! இத்தனை மாதம் இரும்புக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தோம் அல்லவா, இப்போது மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். முன்பு நாற்காலி, மேஜை விற்ற ஷோரூம். கண்ணாடிக் கதவு, வழவழவென்ற தரை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நம் மொழிக்காரர்தான், இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷமாகிறது. லாட்ஜ், லாரி, சலவைக்கடை என்று பல தொழில். எல்லாரும் 'முதலாளி' என்கிறார்கள். வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆள் உயரத்துக்கு நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரு கீபோர்டும் அவரே இறக்கிக் கொடுத்தார். "முணுமுணுன்னு பாடாதீங்க பாஸ்டர். கட்டடமே அதிரணும்" என்கிறார். நம் ஊர் மூப்பர்கள் மைக்கைக் குறைக்கச் சொல்லியே என் உயிரை எடுத்தவர்கள். இப்படி ஒரு மனுஷனா என்று கண் கலங்கிவிட்டது.

வருகிறவர்கள் எல்லாம் உழைப்பாளிகள். வெல்டர், டிரைவர், வீட்டு வேலை செய்கிற பெண்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஒரு விஷயம். நம் ஹாலுக்கு மேலே முதலாளி ஒரு அழகு நிலையம் வைத்திருக்கிறார். வேலைக்கு நல்ல பெண்கள் தேவையாம். "உங்க சபைப் பிள்ளைங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவேன்" என்றார். நம் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் விசாரித்துப் பார்.

உன் அன்புக் கணவன்

*

20 பிப்ரவரி 1993

என்னங்க,

ஊருக்கெல்லாம் ஐயா, எனக்கு மட்டும் 'என்னங்க'. இதைவிட நல்ல விளிப்பு எனக்கு அகப்படவில்லை.

சோறு குழையாத சாட்சியைப் படித்துச் சிரித்தேன். இங்கே குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஆள் வருகிறேன் என்று மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வேலை விஷயத்தைப் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன். மறுநாள் காலையிலேயே நம் சபைக் கோயிலில் மணியடிக்கிற அக்கா வந்துவிட்டார். மகளை அனுப்ப வேண்டுமாம். யார் தெரிகிறதா? நம் வெண்கலம்தான். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று மற்றவர்கள் குரலையெல்லாம் அமுக்கிவிடுவாளே, "உன் வெண்கலக் குரலைக் கொஞ்சம் மடக்கி வைம்மா" என்று நீங்களே சொல்லி, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டதே, அவள். இருபது வயதாகிறது. தையலும் அழகுக்கலையும் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். "டீச்சர், கீழ ஐயா ஆராதனை, மேல எனக்கு வேலை. அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற மாதிரி" என்று குதிக்கிறாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெண்பிள்ளையை அனுப்புகிறோம். சிலவற்றைக் கேட்டு எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற பெண்கள் யார் யார்? இவள் எங்கே தங்குவாள், யாரோடு? லீவு நாளில் கீழே ஆராதனைக்கு வரவிடுவார்களா? அந்தப் பெண்கள் யாராவது இப்போது வருகிறார்களா? நீங்கள் மேலே ஏறிப் பார்த்தீர்களா?

உங்கள் அன்பு மனைவி

*

5 மார்ச் 1993

அன்புள்ள டீச்சருக்கு,

புருஷனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் கேள்வித்தாள் தயாரித்து அனுப்புகிறாய். பென்சிலைக் கீழே வை.

முதலாளியை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆராதனை தொடங்கும்போது முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் நின்று சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவரிடம் போய் "உங்கள் இடத்தில் யார் இருக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள்" என்று துருவினால் என்ன நினைப்பார்? மேலே ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். பெண்கள் புழங்குகிற இடத்தில் போதகர் ஏறி நின்று பார்ப்பது நன்றாகவா இருக்கும்? வாசலில் இருக்கிற பலகையைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்ட நல்ல இடம்.

விசா, டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு; என் விசாவைக்கூடப் போன மாதம் அவர்தான் தன் பெயரில் புதுப்பித்துக் கொடுத்தார். வெண்கலம் வரட்டும். இங்கே பெண்குரல் இல்லாமல் பாட்டு மொட்டையாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு ஜெபிக்கிறேன். டாக்டரையும் பார்.

உன் அன்புக் கணவன்

*

2 ஏப்ரல் 1993

என்னங்க,

வெண்கலம் புறப்பட்டுவிட்டாள். சபை முழுக்க வழியனுப்ப வந்திருந்தது. மூப்பர் நீளமாக ஜெபித்ததில் பஸ்ஸே தவறியிருக்கும். மணியடிக்கிற அக்கா அழவில்லை, மகளின் பெட்டிக் கயிற்றைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். என் பச்சை சால்வையை நான் அவள் தோளில் போட்டேன். "டீச்சர், அங்க குளிருமா?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும், ஐயாவைக் கேளு" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

நான் கேட்டவற்றுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்ற ஒரே தைரியத்தில்தான் ஏற்றிவிட்டேன். விமான நிலையத்துக்கு நீங்களே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளைப் பார்த்ததும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவள் அம்மா இனி தினமும் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்.

உங்கள் அன்பு மனைவி

*

17 மே 1993

டீச்சர்,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. "வெண்கலம் எங்கே, ஏன் எழுதவில்லை" என்று கேட்டிருந்தாய். அவள் வந்த அன்று முதலாளி தன் காரை அனுப்புவதாகச் சொன்னதால் நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. பிறகு கேட்டபோது, வேறு ஊர்க் கிளையில் பயிற்சியில் இருக்கிறாள், முடிந்ததும் வருவாள் என்றார். நானும் நம்பினேன். நல்ல சேதியாக எழுதலாம் என்று உனக்கு எழுதுவதைத் தள்ளிப்போட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆராதனையில் மூன்றாவது பாட்டு. எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தோம். திடீரென்று மின்சாரம் போய்விட்டது. ஸ்பீக்கர், கீபோர்டு, மின்விசிறி எல்லாம் ஒரே நொடியில் நின்றன. நல்ல பகல், இருட்டு இல்லை. பாட்டும் நின்றது. அந்த அமைதியில் எங்கள் தலைக்கு மேலே ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

நன்றாகக் கேள், டீச்சர். அப்போதுதான் தொடங்கின அலறல் இல்லை அது. பாட்டோடு பாட்டாக ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கீழே சத்தம் நின்றுபோனது அவளுக்குத் தெரியவில்லை. "அம்மா, அம்மா, விடுங்க" என்று நம் மொழியில். பிறகு யாரோ வாயைப் பொத்தினதுபோல அதுவும் நின்றது.

நான் மேலே பார்த்தேன். சபையில் வேறு யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மின்சாரம் வந்தது. கீபோர்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

மேடையை விட்டு இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். மாடிப்படியின் அடியில் இரும்புக் கேட், பூட்டியிருந்தது. நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுமில்ல பாஸ்டர், ஒரு பொண்ணு கால்ல வெந்நீர் கொட்டிக்கிச்சு. போய்ப் பாட்டை நடத்துங்க" என்றான். திரும்பி வந்தேன். வாசலில் வெல்டர் தம்பி நின்றான். அவன் தோளைப் பிடித்து, "மேல என்னப்பா நடக்குது?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப் போய்விட்டான்.

"ஐயா, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

"என்ன தெரியும்?"

"அது என்ன எடம்னு. தெரிஞ்சும் வேற வழியில்லாம இங்க இருக்கீங்கன்னு..."

ஆஸ்பத்திரி அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "லீவு நாள்லதான் ஐயா அங்க கூட்டம். வேலைன்னு கூட்டிட்டு வந்து அடைச்சு வெச்சிருக்காங்க. ஆராதனை முடிஞ்சதும் நம்ம ஆளுங்கள்ளயே சில பேர் பின்பக்கமா ஏறிப் போறாங்க. நீங்க இங்க ஆசீர்வாதம் சொல்லி முடிப்பீங்க, அவங்க அங்க போவாங்க."

குழாயடியில் போய் உட்கார்ந்தேன். ஏன் வாடகை வாங்கவில்லை, ஏன் அத்தனை பெரிய ஸ்பீக்கர், ஏன் கடைசி வரிசையில் நின்று சத்தத்தைச் சரிபார்த்தார் என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவர் எனக்குக் கொடுத்தது ஆலயம் இல்லை, டீச்சர். அவருக்கு ஒரு இரைச்சல் தேவைப்பட்டிருக்கிறது. அது நான்.

அந்தக் குரல் வெண்கலத்தினுடையது இல்லை என்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியும்வரை அவள் அம்மாவிடம் சொல்லாதே. என்ன செய்யலாம் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். ஜெபி.

உன் கணவன்

*

28 மே 1993

உங்கள் கடிதம் இன்று வந்தது. உடனே தந்தி கொடுத்துவிட்டேன். இதற்கு முன்பே அது உங்களுக்குக் கிடைத்திருக்கும். போலீசுக்குப் போங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மேலிடத்துக்கு எழுதினீர்களாம். எந்த மேலிடம்? அவள் இருந்த மேலிடம் உங்கள் தலைக்கு மேலே இருந்தது. நீங்கள் உட்கார்ந்து எனக்கு நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்த நேரத்திலும் அவள் அங்கேதான் இருந்தாள். நான் இதைப் படிப்பதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது.

அவளா இல்லையா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு ஒருத்தியாக இருந்தால்தான் என்ன?

மணியடிக்கிற அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தவர் மாலை வரை எழுந்திருக்கவில்லை.

ஜெபிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஜெபித்துக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் கதவைத் திறக்கிற வழியைப் பாருங்கள்.

*

9 ஜூன் 1993

டீச்சர்,

வெண்கலம் உயிரோடு இருக்கிறாள். வெளியே வந்துவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் அம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

உன் தந்தி வந்த அன்றே ஆஸ்பத்திரி அக்காவை அழைத்துக்கொண்டு போலீசுக்குப் போனேன். எனக்கு இந்த ஊர் மொழி அரைகுறை, அவர்தான் எடுத்துச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார், எதையும் எழுதவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியே கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன பாஸ்டர், சந்தேகம்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்று என் தோளில் கை போட்டார். வெளியே வந்ததும் சிரிப்பு மாறாமலே சொன்னார்: "உங்க விசாவுல யார் பேரு இருக்கு? எம் பேருதானே? பாட்டை மட்டும் பாத்துக்குங்க."

சங்கத்திலிருந்து போன் வந்தது. ஊழியத்தின் பேர் கெட்டுவிடும், சத்தமில்லாமல் ஊர் திரும்புங்கள் என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஸ்பீக்கரைப் போடவில்லை. சபை வந்து உட்கார்ந்தது. "இன்னிக்குப் பாட்டு இல்ல" என்றேன். எங்கள் ஊர்ச் சபையின் பெண் மேலே இருக்கிறாள் என்றும், அவளை வரவழைத்தது நான்தான் என்றும் சொன்னேன். "மேல போனவங்களும் இங்க இருக்கீங்க. யாருன்னு கேக்கப் போறதில்ல. நான் இப்ப பின்பக்கம் போறேன். வர்றவங்க வாங்க."

பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கீபோர்டுக்காரரும் போய்விட்டார். மிச்சப் பேர், அதிகமும் பெண்கள், என்னோடு வந்தார்கள். கேட்டில் இருந்தவன் கத்திக்கொண்டு முதலாளியைக் கூப்பிட ஓடினான். நாங்கள் கேட்டை உலுக்கிக்கொண்டு நின்றோம். அப்போது வெல்டர் தம்பி வேலை செய்யும் பட்டறையிலிருந்து கேஸ் சிலிண்டரை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூட்டை அறுக்க ஆரம்பித்தான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. வண்டிகள் நின்றன. அந்தக் கூட்டத்துக்காகத்தான் போலீசும் வந்தது. இந்த முறை ஒரு பெண் அதிகாரி. ஆஸ்பத்திரி அக்கா அவரிடம் ஏதோ சொல்ல, அவர் தன் ஆட்களை விலக்கிவிட்டு எங்களோடு படி ஏறினார்.

பலகையில் எழுதியிருந்த அழகு நிலையம் முன்னறையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் பலகைத் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு வாளி. ஜன்னல் இல்லை. தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம். நான் நின்ற மேடைக்கு நேர் மேலே ஒரு அறை. அங்கேதான் இருந்தாள்.

எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. நான் அவள் பெயரைச் சொன்னதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "டீச்சர் அனுப்பினாங்கம்மா" என்றேன். அது தப்பு, வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி அக்கா என்னை ஒதுக்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். அப்போதுதான் பேசினாள்.

"எல்லாம் கேக்கும் ஐயா. நீங்க கீழ பேசறது ஒரு வார்த்தை விடாம கேக்கும். நான் கூப்பிட்டேன். நீங்க பாடிக்கிட்டே இருந்தீங்க. வாராவாரம் கூப்பிட்டேன். ஐயாவுக்கு எல்லாம் தெரியும், அவர்தான் உன்னை வரவழைச்சாருன்னு சொன்னாங்க. நான் முதல்ல நம்பல."

முதல்ல நம்பல என்றாள், டீச்சர்.

அவளோடு இன்னும் எட்டுப் பெண்கள். எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். முதலாளி துறைமுகத்தில் பிடிபட்டார். வழக்கு நடக்கும். பெண் அதிகாரி நல்லவராகத் தெரிகிறார். வெண்கலத்தை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள். ஆஸ்பத்திரி அக்காவே கூட வருகிறார். நான் வர வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த வெளிப்பக்கத் தாழ்ப்பாள்தான் தெரிகிறது. நான் ஊருக்கு வரட்டுமா? நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் கணவன்

*

2 செப்டம்பர் 1993

என்னங்க,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் வாங்க என்றுதான் எழுத ஆரம்பித்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

வெண்கலம் நம் வீட்டில் இருக்கிறாள். அவள் அம்மாவும் இங்கேதான். அவர்கள் தெருவில் வாய்கள் அதிகம். நம் படுக்கையறையை அவர்களுக்கு விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் கதவைச் சாத்தினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால் ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாளையே கழற்றச் சொல்லிவிட்டேன். இப்போது சாப்பிடுகிறாள். வீட்டுப் பாடம் திருத்த உதவுகிறாள். போன வாரம் ஒரு பையன் எழுதியிருந்ததைப் படித்து அவள் சிரித்தாள். அவள் அம்மா அடுப்பங்கரைக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதார்.

சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அன்று சத்தமில்லாமல் திரும்பி வாருங்கள் என்று சொன்ன அதே ஆட்கள். பத்திரிகையில் உங்கள் படம் போட்டுச் சாட்சி வெளியிட வேண்டுமாம். 'அடைபட்டோரை விடுவித்த ஊழியர்' என்று தலைப்பு கூட வைத்துவிட்டார்கள். நீங்கள் மறுத்து எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மனசு ஆறியது. நானும் வாசலோடு அனுப்பிவிட்டேன். போகும்போது அவர்களில் ஒருவர் சபையில் போடச் சொல்லி உங்கள் பழைய பிரசங்க ஒலிநாடாவைக் கொடுத்தார். எந்தப் பிரசங்கம் என்று பார்க்க, யோசிக்காமல் அதை வீட்டில் போட்டேன். உங்கள் குரல் கேட்டதும் அவள் கையிலிருந்த தட்டு விழுந்தது. பின்வாசல் வழியாக ஓடி, தெருமுனை வரை போய்விட்டாள். செருப்பில்லாமல்.

திரும்பக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். அப்போது என்னைக் கேட்டாள்: "டீச்சர், உங்களுக்கும் தெரியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான்தான் சால்வை போர்த்தி அனுப்பினவள். அவள் கேட்கக்கூடிய கேள்விதானே. எனக்குத் தெரியாதும்மா என்று சொன்னேன். சொல்லும்போதே அது பாதிப் பதில் என்று எனக்குப் பட்டது. மீதியையும் சொன்னேன். ஐந்து கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை, வராமலே உன்னை ஏற்றிவிட்டேன் என்றேன். பிறகு, "சாப்பிடலாமா டீச்சர்" என்றாள். இத்தனை வருஷப் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் இப்படிப் பதில் சொல்ல வைத்ததில்லை.

அதனால்தான் எழுதுகிறேன், இப்போது வராதீர்கள். வெறுப்பில் சொல்லவில்லை. நீங்கள் பூட்டை அறுக்க வைத்தீர்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவளும் ஒருநாள் உங்களோடு பேசலாம், பேசாமலும் போகலாம். ஆனால் இந்த வீட்டில் இப்போது இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது, உங்கள் குரலுக்கு அல்லது அவள் தூக்கத்துக்கு.

இன்னொரு சேதி. பெண் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெண்கலம் விசாரணைக்கு வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். போக வேண்டாம் என்று நானும் அவள் அம்மாவும் சொன்னோம். "நான் போறேன் டீச்சர். அங்க நான் கத்தினது யாருக்கும் கேக்கல. இப்ப மைக்ல சொல்றேன்" என்றாள். மூன்று பேரும் வருகிறோம். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி அக்கா வீட்டில் தங்குவோம். விமான நிலையத்துக்கு அவரே வந்துவிடுவார், நீங்கள் வர வேண்டாம்.

நீதிமன்றத்தில் உங்களையும் கூண்டில் ஏற்றுவார்கள். முதலாளியின் வக்கீல், உங்களுக்கு எல்லாம் தெரியுமா என்று கட்டாயம் கேட்பார். தெரியாது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என் மனைவி கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு நான் ஏறுவேன். கேட்டேன், பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்று சொல்வேன். அவள் அங்கே உட்கார்ந்து இரண்டையும் கேட்கட்டும்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் பேச ஏதாவது மிச்சம் இருந்தால், வெளியே ஒரு டீக்கடை பார்த்து உட்கார்ந்து பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்